கண்டென்சர் மைக்: தேக்குவது எதை?

ஃபேன் சுற்றாவிட்டால் மாற்றுவதும் கண்டென்சர், ஏசியின் வெளிப்பெட்டியில் சூடாகிக் கிடப்பதும் கண்டென்சர், பாடகரின் முன்னால் தொங்குவதும் கண்டென்சர். இதில் ஏசிக்காரர் வேறு வீட்டுப் பிள்ளை. அவர் வேலை ஆவியைத் திரவமாக்குவது. மற்ற இரண்டும் ஒரே குடும்பம்.

வேர் லத்தீன்: 'கொண்டென்சாரே', அதாவது அடர்த்தியாக்குதல். மின்சாரத்தை ஒரு பாய்பொருளாக எண்ணிய காலத்தில், 1782இல், மின்னூட்டத்தைச் செறித்து வைக்கும் தன் கருவிக்கு இத்தாலிய இயற்பியலாளர் வோல்ட்டா இப்படிப் பெயர் வைத்தார். மின்னணுவியல் பின்னால் 'கெப்பாசிட்டர்' என்று மாறிக்கொண்டது. 1916இல் அமெரிக்கப் பொறியாளர் ஈ. சி. வென்டே உருவாக்கிய மைக்கில் பழைய பெயரே ஒட்டிக்கொண்டது.

உள்ளே என்ன நடக்கிறது? தங்கம் பூசிய மெல்லிய பிளாஸ்டிக் படலம். அதன் பின்னால், மயிரிழை இடைவெளியில், ஓர் உலோகத் தகடு. இரண்டுக்கும் நடுவே மின்னூட்டம் தேங்கி நிற்கிறது. 'ப' என்று சொல்லுங்கள்: படலம் உள்ளே அழுந்தும், இடைவெளி குறையும், தேக்கும் திறன் கூடும். மின்னூட்டம் மாறாததால் மின்னழுத்தம் இறங்கும். படலம் திரும்பும்போது ஏறும். இந்த ஏற்ற இறக்கம்தான் குரல். ஆனால் இது கம்பியில் ஓடித் தாக்குப்பிடிக்காத அளவுக்கு நலிந்தது. அதனால் மைக்குக்குள்ளேயே ஒரு வால்வோ (வெற்றிடக் குழாய்) டிரான்சிஸ்டரோ அதைத் தாங்கிப் பிடிக்கிறது. மைக் கம்பி வழியாகவே வரும் 48 வோல்ட் 'ஃபேண்டம்' மின்சாரம் கேட்பது தகட்டில் மின்னூட்டம் வைக்கவும் இந்த டிரான்சிஸ்டருக்கும்தான். வால்வு மைக்குக்குத் தனி மின்பெட்டி வேண்டும்.

எலெக்ட்ரெட் வகையில் மின்னூட்டத்தைப் பொருளுக்குள்ளேயே நிரந்தரமாகப் பூட்டிவிடுகிறார்கள். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் செஸ்லரும் வெஸ்ட்டும் 1962இல் செய்தது. 'அப்போ மின்சாரமே வேண்டாமா?' என்று பலர் கேட்பார்கள். வேண்டும், உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர் பட்டினி கிடக்காது.

பெரிய படலம், சிறிய படலம் என்பது இன்னொரு பிரிவு. சுமார் ஓர் அங்குலப் படலத்தில் இரைச்சல் குறைவு, குரலுக்கு விரும்புவார்கள். அரை அங்குலப் படலம் பக்கவாட்டு ஒலியையும் தொனி மாறாமல் வாங்கும்.

சரி, தமிழில்? மின்தேக்கி ஒலிவாங்கி. இலங்கைப் பாடநூல் வழக்கில் மின்தேக்கியைக் கொள்ளளவி என்பார்கள். எனக்குத் 'தேக்கி' பிடிக்கும், ஏரியில் நீர் நிற்பது கண்ணில் தெரிகிறது. ஒலிவாங்கியை ஒலிபெருக்கி என்று எழுதுவதை மட்டும் விட்டுவிடலாம். பெருக்குவது கடைசியில் இருக்கும் ஸ்பீக்கர் பக்கம்.