டெத் சேவ்: உயிர்ப்பகடை

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, ஆளுக்கொரு பாத்திரமேற்றுப் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டில் உயிர்ப்புள்ளி பூஜ்யமாகி விழுந்த பாத்திரம் பிழைக்குமா என்று பார்க்க உருட்டும் பகடைக்கு டெத் சேவிங் த்ரோ என்று பெயர். ஆடுகிறவர்கள் வாயில் அது டெத் சேவ்.

'த்ரோ' என்றால் பகடை வீச்சு. 'சேவிங் த்ரோ' 1974-இல் வந்த முதல் பதிப்பிலேயே இருக்கிறது, ஆனால் அது நஞ்சு, மந்திரம் போன்றவற்றிலிருந்து தப்புவதற்கு. உயிர்ப்புள்ளி தீர்ந்தால் அன்று நேராகச் சாவுதான். விழுந்த பிறகு டெத் சேவிங் த்ரோ என்ற பெயரில் பகடை போடுவது 2008-இன் நான்காம் பதிப்பில் வந்தது. இன்றைய வடிவம் 2014-இல் அமைந்தது.

விழுந்தவர் தன் முறை வரும்போதெல்லாம் இருபது முகப் பகடையை உருட்டுவார். 10 அல்லது அதற்கு மேல் வெற்றி, குறைந்தால் தோல்வி. எது முதலில் மூன்றாகிறதோ அதுதான் முடிவு. அடுத்தடுத்து விழ வேண்டியதில்லை. 20 விழுந்தால் ஓர் உயிர்ப்புள்ளியோடு கண் விழிக்கலாம். 1 விழுந்தால் இரண்டு தோல்வி. (தாயத்துக்காகக் காத்திருந்து பழகிய கைக்கு இது கொஞ்சம் உறுத்தும்.) புதியவர்கள் உடல்வலு எண்ணைக் கூட்டிவிடுவார்கள், கூட்டக் கூடாது. இன்னொன்றையும் மறப்பார்கள்: விழுந்து கிடப்பவர்மேல் படும் ஒவ்வோர் அடியும் ஒரு தோல்வி, ஐந்தடி தூரத்துக்குள் நின்று அடித்தால் இரண்டு. கிடப்பவரை எதிரி விடாமல் குத்தினால் பகடையைக் கையில் எடுக்கவே நேரமிருக்காது.

2018 ஜூலையில் இந்த விளையாட்டை ஆடிக் காட்டும் இணையத் தொடரான கிரிட்டிக்கல் ரோலில் மாலிமாக் என்ற பாத்திரம் இறந்தபோது ரசிகர்கள் அவ்வளவு கலங்கியதை இந்த விதிகளோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். தன் இரத்த வித்தையாலேயே மயங்கி விழுந்தவனை லாரென்ஸோ என்ற எதிரி கொன்றான். ரெவிவிஃபை மந்திரத்தால் மீட்க வேண்டுமென்றால் ஒரு நிமிடத்துக்குள், 300 பொன் மதிப்புள்ள வைரத்தோடு போட வேண்டும். குழுவின் குணமாக்குபவளான ஜெஸ்டரோ அப்போது எதிரிகளின் பிடியில் இருந்தாள். அஞ்சலி ஓவியங்கள் குவிந்தன. ஆட்டத்தை நடத்துபவர் விட்டுக்கொடுத்திருக்கலாம் என்போர் உண்டு. ஆனால் விட்டுக்கொடுத்தால் அடுத்த பகடையை யார் நம்புவார்கள்?

தமிழில் 'மரண சேமிப்பு வீச்சு' என்பது பிழை. இங்கே 'சேவ்' காப்பதைக் குறிக்கிறது, சேமிப்பதை அல்ல. 'உயிர்காப்பு உருட்டு' பொருளில் சரி, ஆனால் 'உருட்டு' இன்று புளுகு என்றாகிவிட்டதால் சாகக் கிடக்கிற நேரத்தில் மேசையே சிரித்துவிடும். 'உயிர்ப்பகடை' சுருக்கமானது, கூப்பிடவும் எளிது: "ரெண்டு தோல்வி ஆயிடுச்சு, உயிர்ப்பகடை போடு!"