உச்சிக்கு முன்னால் திருப்பி அனுப்புகிறவன்

புற்றுநோயாளிகளுக்காக நிதி திரட்டும் குழுக்களோடு கிளிமஞ்சாரோவுக்குச் சம்பளமில்லாமல் போய்வரும் மருத்துவன் நான். ‘வழிகாட்டி’ என்று அழைக்கிறார்கள். எனக்குக் கூச்சமாக இருக்கும். உரிமம் பெற்ற உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் அந்த மலையில் ஏற தான்சானியாவில் அனுமதியே கிடையாது. வழி அவருக்குத்தான் தெரியும். ஆட்களைக் கவனிப்பது மட்டும் என் வேலை.

உயரம் 5,895 மீட்டர். உச்சியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். 3,000 மீட்டரைத் தாண்டினால், இரவு தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல் இருப்பது நல்லது. உச்சிக்குப் போகும் வழிகளில் ஒன்றான மச்சாமே பாதையில் பகலில் லாவா டவர் என்ற பாறை வரை, சுமார் 4,600 மீட்டர், ஏறிவிட்டு, பாரங்கோ முகாமில் 3,900 சொச்சத்துக்கு இறங்கித் தூங்குவது இதற்காகத்தான். ஐந்தே நாளில் முடித்துத் தருகிறோம் என்கிற மலிவான பேக்கேஜில் முதலில் பறிபோவது உடம்பு பழகிக்கொள்ள வேண்டிய இந்த அவகாசம்.

நன்கொடைக்காக ஏறுகிறவர்களிடம் இன்னொரு சிக்கல் உண்டு. உயரம் ஒத்துக்கொள்ளாமல் வரும் தலைவலியை மறைப்பார்கள். ஊரெல்லாம் வசூல் செய்துவிட்டுப் பாதியில் இறங்கினால் என்ன சொல்வது என்ற பயம்.

பராஃபு முகாமில், 4,673 மீட்டரில், ஒரு ராத்திரி. நடுநிசிக்குக் கிளம்ப வேண்டும். உள்ளூர் வழிகாட்டி என் தோளைத் தொட்டு, ஐம்பது வயதைக் கடந்த ஒருவரைக் காட்டினார். ஜாக்கெட் ஜிப்பைப் போடத் தெரியாமல் தடுமாறிக்கொண்டிருந்தார். கையில் கொடுத்த தேநீர் குடிக்காமலே ஆறிப்போயிருந்தது. குதிகாலோடு விரல் நுனி ஒட்ட நேர்கோட்டில் நடக்கச் சொன்னேன். நாலாவது அடியில் பக்கவாட்டில் சாய்ந்தார்.

“கல்லு இடறிடுச்சு, டாக்டர்.”

கல் எதுவும் இல்லை. தலைவலியோடு இப்படித் தள்ளாட்டமும் வந்தால் மூளையில் நீர் கோக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். விடியட்டும் என்று காத்திருந்தால் உயிருக்கே ஆபத்து. மூளை வீக்கத்தைக் குறைக்கும் டெக்ஸாமெத்தசோன் மருந்து கொடுத்து, ஆக்சிஜன் வைத்து, அப்போதே இறக்கினோம். “என் பொண்ணு பேர்ல வசூல் பண்ணியிருக்கேன், விடுங்க” என்று அழுதார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. நடங்கள் என்றேன். சுமார் 3,100 மீட்டரில் இருக்கும் ம்வேகா முகாமுக்கு வந்தபோது சூப் கேட்டார்.

அசிட்டசோலமைடு மாத்திரை உடம்பு பழக உதவும், உண்மைதான். விரல் நுனி மரத்துப்போகும், சோடாவின் ருசி கெட்டுவிடும், அடிக்கடி சிறுநீர் வரும். ஆனால் மாத்திரை போட்டாயிற்றே என்று அறிகுறியை அலட்சியம் செய்யக் கூடாது.

இந்த மாதிரிப் பயணத்துக்குப் பெயர் கொடுக்கும் முன் அமைப்பாளரிடம் கேளுங்கள்: எத்தனை நாள் பயணம்? திரட்டும் பணத்தில் பயணச் செலவுக்கு எவ்வளவு போகிறது? யார் சொன்னால் ஆளை இறக்குவார்கள்? அப்புறம் சுமை தூக்குகிறவர்கள். பூங்கா விதிப்படி ஒருவர் முதுகில் 20 கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது; எடை போடும் இடத்தில் நீங்களும் நின்று பாருங்கள். சாயங்காலம் அவர்கள் கூடாரத்தையும் எட்டிப் பாருங்கள், அவர்களுக்கும் தலை வலிக்கும். ஆனால் யாரும் கேட்பதில்லை.

அந்த மனிதர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஊர் திரும்பும் முன் வாட்ஸ்அப் குழுவில் தானே எழுதினார்: ‘4,673 மீட்டர்.’ மிச்சம் 1,222 மீட்டருக்கு நன்கொடையாளர் யாரும் கணக்குக் கேட்கவில்லை.