வடத்தைத் தொட்ட கை எத்தனை, இழுத்த கை எத்தனை?

பிள்ளையார்பட்டித் தேரின் வடத்தை ஒருமுறையாவது பிடித்தவர்கள் மனதுக்குள் ஒப்புக்கொள்வார்கள். பாதி நேரம் வடத்தைத் தொட்டபடி நடந்தோமே தவிர, முழுமூச்சாக இழுக்கவில்லை. நான் அப்படித்தான். முன்னும் பின்னும் அத்தனை பேர். நான் இழுத்தாலும் தேர் நகரும், இழுக்காவிட்டாலும் நகரும்.

இந்தச் சின்னத் திருட்டுத்தனத்தை அளந்து பார்த்தவர் மாக்ஸ் ரிங்கெல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியியல் பேராசிரியர். மாடு, குதிரை, மனிதன் எல்லாம் எவ்வளவு வேலை செய்ய முடியும் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. 1913-இல் அவர் வெளியிட்ட கணக்கில், ஒருவர் தனியாக இழுக்கும் பலம் 100 என்றால், இருவர் சேரும்போது தலைக்கு 93, மூவருக்கு 85, எட்டுப் பேருக்கு 49. எட்டுப் பேர் சேர்ந்தும் நாலு ஆள் பலம் தேறவில்லை.

மீதி எங்கே போனது? ஒரு பங்கு, நேரம் பிசகுவதில் போகிறது. நான் மூச்சடக்கி இழுக்கும் நொடியில் நீங்கள் காலை மாற்றி ஊன்றுகிறீர்கள். பாரம் இழுக்கிற இடத்தில் 'ஐலசா' இருப்பது இதற்குத்தான். இன்னொரு பங்கு மனசு. 1974-இல் அமெரிக்காவில் இங்காம் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் ஒரு வேடிக்கை செய்தார்கள். ஆளின் கண்ணைக் கட்டிக் கயிற்றின் முன்னால் நிறுத்தினார்கள். பின்னால் நின்றவர்கள் இழுப்பதுபோல் நடித்தார்கள், அவ்வளவுதான். நேரம் பிசகுவதற்கு அங்கே இன்னொரு இழுப்பே கிடையாது. அப்படியும் அவர் இழுப்பு குறைந்தது. பின்னால் ஆள் இருக்கிறது என்ற நினைப்பே போதுமானதாக இருந்தது.

சரி, எங்கள் பக்கத்திலேயே இன்னொரு வடம் இருக்கிறது. சிராவயல் மஞ்சுவிரட்டு ஊரறிந்தது; அவிழ்த்துவிட்ட மாட்டின் மேல் துணிந்தவன் பாயலாம். வடமாடு வேறு. காளையை நீள வடத்தில் கட்டித் திடல் நடுவே விடுவார்கள். எதிரே 9 பேர், பெரும்பாலும் 25 நிமிடம்; அதற்குள் காளையை அடக்க வேண்டும். தேர்வடத்துக்கு நேர்மாறான நிலைமை இது. எவன் பின்வாங்கினான் என்பது சுற்றி நிற்கும் சனத்துக்கே தெரியும். மைக்கில் இருப்பவர் விட்டுவைப்பாரா?

ஆள் தெரிவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை 1989-இல் நீச்சல் வீரர்களிடம் சோதித்தார்கள். ஒருவர் பின் ஒருவராக அணிக்காக நீந்தும் தொடர் நீச்சலில் ஒவ்வொருவர் நேரத்தையும் அறிவிக்காமல் விட்டபோது, தனியாக நீந்தியதைவிட மெதுவாக நீந்தினார்கள். அறிவித்தபோது தனியாக நீந்தியதைவிட வேகமாகப் போனார்கள். உடம்பு அதேதான், தண்ணீரும் அதேதான்.

ஆனால் ஒன்பது சூரர்களும் தன் பெயருக்காகவே ஒரே நொடியில் திமிலுக்குப் பாய்ந்தால் தங்களுக்குள் முட்டிக்கொள்வார்கள். மனசு நிறைந்து வழிகிறது, நேரம் பிசகுகிறது. ஒருவன் காளையின் கவனத்தைத் தன் பக்கம் இழுக்க வேண்டும், ஒருவன் வடம் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும், பாய்ந்தவன் திமிலைப் பிடித்த மறுகணம் மற்றவர்கள் வந்து சேர வேண்டும். 'இப்ப' என்று சொல்ல ஒரு வாய் வேண்டும். தலைமை என்று நான் சொல்வது இதைத்தான். மேடையில் கோப்பை வாங்குவது அப்புறம்.

அந்த வாய் கேப்டனுடையதாகத்தான் இருக்க வேண்டுமா? பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் அணி விளையாட்டுகளைச் சேர்ந்த 4,451 வீரர்களிடமும் பயிற்சியாளர்களிடமும் கேட்டார்கள் (2014-இல் வெளிவந்த ஆய்வு). தலைமையை நான்காகப் பிரித்தார்கள்: ஆட்டத்தின்போது வழி சொல்வது, சோர்ந்தவனை உசுப்பிவிடுவது, களத்துக்கு வெளியே அணியை ஒட்டவைப்பது, நிர்வாகத்திடம் பேசுவது. நான்கிலும் எங்கள் கேப்டன்தான் முதல் என்றவர்கள் சுமார் 1 சதவீதம். பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள், இதில் ஒன்றில்கூடக் கேப்டன் முதல் ஆள் இல்லை என்றார்கள்.

எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. போன தையில் காரைக்குடி டீக்கடை ஒன்றில், தொடையில் கட்டுப் போட்டிருந்த மாடுபிடி வீரர் ஒருவரிடம் உங்கள் அணிக்கு யார் கேப்டன் என்று கேட்டேன். பெஞ்சின் அந்தக் கோடியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மூத்தவரைக் காட்டினார்.

"திடல்ல அவரு சொல்றதத்தான் கேப்பீங்களா?"

"கமிட்டிக்காரங்ககிட்ட பேசுறது அவருண்ணே. உள்ள எறங்கிட்டா இவன் சத்தத்துக்குத்தான் பாய்வோம்" என்று பக்கத்தில் வடையைப் பிய்த்துக்கொண்டிருந்த ஒல்லிப் பையனைக் காட்டினார்.