பல்லைப் பிடுங்கிய பிறகும் தொடரும் வலி

கீழ்த்தாடையின் வலப்பக்கக் கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை (ரூட் கனால்) செய்துகொண்ட ஒரு பெண்மணி, ஏழு மாதங்கள் கழித்து என்னிடம் வந்தபோது, அந்தப் பல் அவர் வாயில் இல்லை. சிகிச்சைக்குப் பின்னும் வலி அடங்காததால் அதைப் பிடுங்கியிருந்தார்கள். அப்போதும் அடங்காததால் பக்கத்துப் பல்லுக்கும் வேர் சிகிச்சை நடந்திருந்தது. இதற்கிடையில் காதுக்குள் குடைச்சலும், எச்சில் விழுங்கும்போது தொண்டையின் ஒரு பக்கத்தில் வலியும் சேர்ந்துகொண்டன. காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்துவிட்டு, காதிலும் தொண்டையிலும் கோளாறு எதுவும் இல்லை என்று சொல்லியிருந்தார். "இந்தப் பல்லையும் எடுத்துவிடுங்கள் டாக்டர், வலி போனால் போதும்" என்றார் அவர்.

நான் எடுக்கவில்லை. வலிக்கும் இடமும் வலி பிறக்கும் இடமும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. முகத்திலும் வாயிலும் அவை வேறுவேறாக இருப்பதை அடிக்கடி பார்க்கிறோம். பற்கள், ஈறு, தாடை மூட்டு, மெல்லும் தசைகள் ஆகியவற்றின் உணர்வை மூளைக்குக் கொண்டுசெல்வது முக்கிளை நரம்பு எனப்படும் ஐந்தாம் மூளை நரம்பு. காதின் முன்பகுதிக்கும் வெளிச்செவிக் குழாயின் ஒரு பகுதிக்கும் செல்வது இதன் கிளைதான். தொண்டை, நாக்கின் பின்பகுதி, நடுச்செவி ஆகியவை ஒன்பதாம் நரம்பைச் சேர்ந்தவை. இந்த நரம்புகள் சுமந்துவரும் வலிச் செய்திகள் மூளைத்தண்டில் ஒரே நரம்பணுக் கூட்டத்தில் வந்து கலப்பதால், தாடையில் தொடங்கிய வலியைக் காதுவலி என்றும், தொண்டையில் தொடங்கியதைப் பல்வலி என்றும் மூளை தவறாகப் படித்துவிடுகிறது. நோயாளி பொய் சொல்வதில்லை, கற்பனை செய்வதுமில்லை.

சந்தேகத்துக்குரிய பல்லைச் சுற்றி மட்டும் மரத்துப்போகும் ஊசியைப் போட்டுப் பார்த்தேன். பல் நன்றாக மரத்த பின்னும் வலி துளியும் குறையவில்லை. ஒருவேளை குறைந்திருந்தாலும் பல்தான் காரணம் என்று உடனே முடிவுகட்டியிருக்க மாட்டேன். குறையாதபோது அந்தப் பல்லைத் தொட எந்த நியாயமும் இல்லை. அடுத்ததாக வாயைத் திறக்கச் சொன்னபோது, வழக்கமாக மூன்று விரல் நுழைய வேண்டிய இடத்தில் இரண்டு விரல்தான் நுழைந்தது. தாடையின் உட்பக்கம் உள்ள மெல்லும் தசையை விரலால் அழுத்தியதும் அவர் துள்ளி, காதைத் தொட்டுக் காட்டி, "இதே வலிதான்" என்றார்.

கீழ்ப்பற்களை மரக்கச்செய்யும் ஊசி இந்தத் தசையை ஒட்டியே, சில சமயம் அதைத் துளைத்தபடியே செல்கிறது. ஊசிபட்ட தசை இறுகிப்போகலாம். நெடுநேரம் வாயை அகலத் திறந்து வைத்திருந்தால் தசையோடு தாடை மூட்டும் சேர்ந்து நோகும். முதல் சிகிச்சை செய்தவர் பிழை செய்தார் என்று நான் சொல்ல மாட்டேன். குறையில்லாத வேலைக்குப் பிறகும் இது நேரும். ஆனால் இரண்டாவது பல்லில் கைவைக்கும் முன் யாரேனும் அந்தத் தசையை ஒருமுறை அழுத்திப் பார்த்திருக்கலாம். வலியோடு ஒருவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது எதையாவது செய்துவிட வேண்டும் என்று கை துடிப்பது எங்கள் தொழிலின் பலவீனம், என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

இதற்காகப் பல்லைச் சந்தேகிக்கவே கூடாது என்று எண்ணிவிட வேண்டாம். அடைத்த பல் அல்லது பல் உறை மயிரளவு உயர்ந்திருந்தாலே கடிக்கும்போதெல்லாம் வலிக்கும். தேய்த்துச் சரிசெய்வது சில நிமிட வேலை. மேல்தாடையின் முதல் கடைவாய்ப் பல்லில் மூன்று வேர்களும், அவற்றுக்குள் நரம்பு ஓடும் குழாய்கள் பெரும்பாலும் நான்கும் இருக்கும். வேர் சிகிச்சையின்போது நான்காவது கண்ணில் படாமல் தப்பிவிடுவதுண்டு. நுண்ணிய விரிசலைச் சாதாரண எக்ஸ்ரே பெரும்பாலும் காட்டாது. பல்லை எடுத்த மூன்றாம் நாள்வாக்கில் காதுவரை பாயும் கடும் வலி வந்தால், குழியில் உறைந்த இரத்தம் கலைந்திருக்கலாம். அதைச் சில நாள்களில் ஆற்றிவிடலாம்.

இவையெல்லாம் இல்லை என்று உறுதியாகி, வலி தினமும் 3 மாதங்களுக்கு மேல் நீடித்தால், நரம்பே வலியை உற்பத்தி செய்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு வகையில், பிடுங்கிய பல்லின் இடத்திலேயே எரிச்சலோ குடைச்சலோ ஓயாமல் இருக்கும். இன்னொரு வகையில், முகம் கழுவும்போதோ பேசும்போதோ மின்சாரம் தாக்கியதுபோல் சுரீரென்று வந்து, சில நொடிகளில், மிஞ்சிப்போனால் 2 நிமிடங்களில் அடங்கும். அதே சுரீர் வலி விழுங்கும்போது தொண்டையிலும் காதிலும் பாய்ந்தால் ஒன்பதாம் நரம்பைச் சந்தேகிக்கிறோம். காதுக்குக் கீழே உள்ள ஊசிபோன்ற எலும்பு நீண்டுவிட்டாலும் தொண்டையும் காதும் வலிக்கலாம் என்று 1937-இல் வாட் ஈகிள் என்ற மருத்துவர் எழுதினார்; எலும்பு நீண்டிருந்தும் வலியே இல்லாதவர்கள் பலர் என்பதால், ஸ்கேன் படத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

நரம்பு வலிக்கு நாங்கள் எழுதித்தரும் மாத்திரைகளில் சில, மனச்சோர்வுக்கும் வலிப்புக்கும் தரப்படுபவை. உறைக்குள் இருக்கும் தாளைப் படித்துவிட்டு, தன்னை மனநோயாளி என்று நினைத்துவிட்டார்களே என்று வருந்தி இரண்டாம் நாளே நிறுத்திவிடுகிறவர்கள் பலர். நரம்பின் கொதிப்பைத் தணிப்பதற்காகத்தான் அவை தரப்படுகின்றன; பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும்.

சில அறிகுறிகளோடு மட்டும் காத்திருக்கக் கூடாது. காய்ச்சலோடு தாடைக்கு அடியில் வீங்கி, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால் அன்றே, அப்போதே அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். நடக்கும்போது தாடையில் வந்து, நின்றால் தணியும் வலி இதயத்திலிருந்து வரக்கூடும். காரணமின்றிக் கீழுதடும் முகவாயும் மரத்துப்போனால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். கழுத்தில் கட்டி, குரல் மாற்றம், காது நன்றாக இருந்தும் ஒரே பக்கத்தில் 3 வாரங்களுக்கு மேல் நீடிக்கும் காதுவலி ஆகியவற்றில், குறிப்பாகப் புகையிலைப் பழக்கம் உள்ளவர்களுக்கு, புற்றுநோய் இருக்கிறதா என்று நாக்கின் அடிப்பகுதியையும் தொண்டையையும் குழாய்க்கருவி விட்டுப் பார்த்தே தீர வேண்டும்.

அந்தப் பெண்மணிக்கு மென்மையான உணவு, வெந்நீர் ஒத்தடம், வாயைச் சிறிது சிறிதாகத் திறக்கும் பயிற்சி ஆகியவற்றைத்தான் சொல்லி அனுப்பினேன். பத்து வாரங்களில் வாய் மூன்று விரல் அளவுக்குத் திறந்தது. தொண்டை வலி முதலில் விலகியது. காதுக் குடைச்சல், நெடுநேரம் பேசிய நாள்களில் மட்டும் இன்னும் எட்டிப்பார்க்கிறது என்கிறார்.