கருகுவது திரவமா, திரியா?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "மின்சிகரெட்டுக்கான திரவத்தை வீட்டிலேயே கலந்துகொள்கிறேன். முதல் இரண்டு இழுப்பு நன்றாக இருக்கிறது. ஐந்தாவது இழுப்பில் கருகல் சுவை தொண்டையைப் பிடிக்கிறது. எசன்ஸை மூன்று முறை மாற்றிவிட்டேன், ஆறு வாரம் இருட்டில் ஊறவைத்தும் பார்த்துவிட்டேன். என்ன கோளாறு?" கலவையில் 80 சதவீதம் கிளிசரின், கருவி ஓடுவது 40 வாட்டில் என்றும் குறிப்பிட்டிருக்கிறார்.

நான் புகைப்பதில்லை, புகைக்காத எவரும் இதைத் தொடங்க வேண்டும் என்றும் சொல்லமாட்டேன். ஆனால் "ஐந்தாவது இழுப்பில்" என்று அவர் எழுதியிருக்கிறாரே, அதற்காகவே இந்தக் கட்டுரை. கோளாறு பாட்டிலுக்குள் இருந்தால் முதல் இழுப்பே கருகியிருக்க வேண்டும் அல்லவா?

கருவியின் அமைப்பு எளிது. ஒரு பஞ்சுத் திரி, அதைத் தொட்டுக்கொண்டு ஒரு கம்பிச்சுருள், ஒரு பேட்டரி. புரோப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும் கலந்த திரவத்தைத் திரி உறிஞ்சுகிறது. கம்பி அதை ஆவியாக்குகிறது. ஆவி குளிர்ந்து நுண்துளிகளாகிறது. புகை போலத் தெரிவது அந்தத் துளிகள்தான்.

காகிதக் கோப்பையில் நீரைக் கொதிக்கவைக்கும் பள்ளிச் சோதனை நினைவிருக்கலாம். நீர் இருக்கும்வரை காகிதம் எரியாது. சுடர் கொடுக்கும் வெப்பத்தையெல்லாம் நீர் உள்ளுறை வெப்பமாக விழுங்கி ஆவியாகிறதே தவிர, 100 டிகிரியைத் தாண்டுவதில்லை. பஞ்சுக்கு இந்தத் திரவம் அதே காவலைத் தருகிறது. ஈரம் இருக்கும்வரை கம்பியின் வெப்பநிலை திரவத்தின் கொதிநிலையை ஒட்டியே நிற்கும். ஈரம் வற்றினால் கம்பிக்குக் கடிவாளம் இல்லை. எண்ணெய் தீர்ந்த விளக்கில் திரி கருகுவதும் இப்படித்தான்.

இதுவரை எல்லோரும் சொல்வதுதான். எனக்குப் பிடித்த இடம் இனிமேல் வருகிறது. புரோப்பிலீன் கிளைக்காலின் கொதிநிலை 188 டிகிரி செல்சியஸ், கிளிசரினுக்கு 290. கலவை கொதிக்கும்போது எளிதில் ஆவியாகும் கிளைக்கால் முந்திக்கொண்டு வெளியேறிவிடுகிறது. கம்பியை ஒட்டி எஞ்சுவதில் கிளிசரினின் பங்கு கூடுகிறது. ஆகவே அடுத்த இழுப்பில் அங்கே கொதிநிலையே சற்று உயர்ந்திருக்கும். அதற்கடுத்த இழுப்பில் இன்னும் சற்று. பாட்டிலில் இருப்பது ஒரு கலவை, கம்பியின் மேல் கொதிப்பது வேறொரு கலவை! தூய கிளிசரினோ தன் கொதிநிலையிலேயே சிதையவும் தொடங்கிவிடும் பொருள். காவல் காக்க வந்தது, கடைசியில் தானே எரியும் நிலைக்குப் போய்விடுகிறது.

இது போதாதென்று பாகுநிலையும் சேர்ந்துகொள்கிறது. 20 டிகிரியில் கிளைக்கால் நீரைவிட ஏறத்தாழ 50 மடங்கு பிசுபிசுப்பானது. கிளிசரின் சுமார் 1,400 மடங்கு. பஞ்சின் நுண்ணிய இடைவெளிகளில் ஒரு திரவம் எவ்வளவு வேகமாக ஊறும் என்பதற்கு எட்வர்ட் வாஷ்பர்ன் 1921இல் ஒரு சமன்பாடு தந்தார். அதன்படி பாகுநிலை கூடக் கூட வேகம் குறையும். இரண்டு மடங்கு தூரம் ஊற நான்கு மடங்கு நேரம் வேண்டும். புதுத் திரியைப் பொருத்தியவுடன் இழுக்காமல் சில நிமிடம் பொறுக்கச் சொல்வது இதனால்தான்.

தேவைப் பக்கத்தையும் தோராயமாகக் கணக்கிடலாம். ஒரு கிராம் கலவையைச் சூடாக்கி ஆவியாக்க 1,200 முதல் 1,500 ஜூல் வரை பிடிக்கும். 40 வாட்டில் 4 விநாடி இழுத்தால் 160 ஜூல். ஏறத்தாழ 120 மில்லிகிராம், அதாவது இரண்டு சொட்டுக்கும் மேல். இடைவெளி விட்டு இழுத்தால் திரி அதை ஈடுகட்டிவிடும். அடுத்தடுத்து ஐந்து முறை இழுத்தால், பாகு போன்ற ஒரு திரவம் பத்துச் சொட்டுக்கு மேல் அந்தச் சிறு பஞ்சுக்குள் ஓடிவந்தாக வேண்டும். முடியாது.

வெப்பநிலையும் இதில் விளையாடும். 40 டிகிரியில் கிளிசரினின் பாகுநிலை ஐந்தில் ஒரு பங்காகக் குறைகிறது; 0 டிகிரியில் எட்டு மடங்குக்கும் மேல் கூடுகிறது. கோடையில் ஒழுங்காக இருந்த அதே பாட்டில் குளிரில் கருகினால் வியப்பில்லை.

தொண்டையைப் பிடிக்கும் அந்தக் காரம் பெரும்பாலும் அக்ரோலின். ஒரு கிளிசரின் மூலக்கூறு இரண்டு நீர் மூலக்கூறுகளை இழந்தால் அக்ரோலின் கிடைக்கும். காய்ந்து புகையும் எண்ணெயில் கண்ணை எரிப்பதும் அதுதான். முதல் உலகப் போரில் நச்சுவாயுவாகவே பயன்படுத்தினார்கள். எனவே கருகல் சுவையை வேறொரு மணத்தால் மூடி மறைக்கப் பார்ப்பது ஆபத்தான வேலை.

2015இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வுக் கடிதம், 5 வோல்ட்டில் ஃபார்மால்டிஹைடை வெளிவிடும் சேர்மங்கள் உருவாவதாகவும் 3.3 வோல்ட்டில் அவை தென்படவில்லை என்றும் சொன்னது. வோல்ட் கூடினால் கம்பியின் சூடும் கூடும், திரி வற்றும்; அந்த அளவு வறண்ட ஆவியை மனிதர் எவரும் இழுக்கமாட்டார் என்று எதிர்ப்பு வந்தது. அந்த ஆய்வில் இழுத்தது இயந்திரம், அதற்கு நாக்கு இல்லை. கருகாத ஆவி தீங்கற்றது என்று இதற்குப் பொருளல்ல. வோல்ட்டை எழுதிவைக்கும் ஆய்வுகளுக்குச் செலவிடும் பணத்தில் கொஞ்சத்தைக் கம்பியின் வெப்பநிலையை அளப்பதற்குக் கொடுத்திருந்தால் பாதிச் சண்டை மிச்சமாகியிருக்கும் என்பது என் எண்ணம்.

இன்னொரு வகைக் கருகலும் உண்டு. அது திடீரென வராது. நாள்பட வளரும், இனிப்பும் கசப்புமாக இருக்கும். இனிப்புக்குச் சேர்க்கும் சர்க்கரையோ சுக்ரலோஸோ ஆவியாகாமல் கம்பியின் மேல் கரிந்து படிவதால் வருவது அது. இனிப்பைக் குறைத்தால் அதுவும் குறையும்.

ஊறவைப்பதைப் பற்றி: மணம் மாறலாம், நிக்கோட்டின் ஆக்சிஜனேற்றமடைந்து நிறம் அடரலாம். பாகுநிலை ஆறு வாரத்தில் அல்ல, ஆறு மாதத்திலும் இறங்காது. இந்தச் சடங்கில் எனக்கு நம்பிக்கை இல்லை.

வாசகர் செய்ய வேண்டியவை சில. வாட்டைக் குறைத்து, இழுப்புகளுக்கு இடையே அரை நிமிடமாவது விட வேண்டும். கிளிசரினின் பங்கைக் குறைக்கலாம். எடையில் ஐந்து சதவீதம் நீர் சேர்ந்தாலே தூய கிளிசரினின் பாகுநிலை பாதிக்கும் கீழே போய்விடுகிறது. ஆகவே சிறிதளவு காய்ச்சி வடித்த நீரும் உதவும். இளக்குவதற்காக எண்ணெயையோ எண்ணெய் சார்ந்த எசன்ஸையோ மட்டும் தொடக் கூடாது, அது நுரையீரலுக்குக் கேடு. பஞ்சை இறுக்கித் திணித்திருந்தால் தளர்த்த வேண்டும்.

ஒருமுறை கரிந்த பஞ்சு மறுபடி நனைந்தாலும் கரிதான். எந்தத் திரவத்தை ஊற்றினாலும் அந்தச் சுவையே வரும். மூன்று முறை எசன்ஸை மாற்றியதாக எழுதிய வாசகர், திரியை மாற்றியதாக எங்கும் எழுதவில்லை.