மாநகராட்சிப் பத்திரத்தை அரசு உத்தரவாதமாக எண்ணிவிடாதீர்கள்

திருமங்கலத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சென்ற வாரம் என் அலுவலகத்திற்கு வந்திருந்தார். பணிக்கொடையில் 12 லட்சம் ரூபாயை வடமாநில மாநகராட்சி ஒன்றின் கடன் பத்திரத்தில் போட்டிருந்த அவர், மகளின் திருமணத்திற்காக அதை உடனே பணமாக்க விரும்பினார். சந்தையில் பட்டியலிடப்பட்ட பத்திரம் என்பதால் எப்போது வேண்டுமானாலும் விற்கலாம் என்று அவருக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. மூன்று வாரமாகியும் நியாயமான விலைக்கு வாங்க ஆள் வரவில்லை. "மாநகராட்சி என்றால் அரசாங்கம்தானே ஆடிட்டர் சார், அரசாங்கத்திடம் இருக்கும் பணத்துக்கு என்ன வந்துவிடும் என்றுதான் போட்டேன்" என்றார். இந்த ஆண்டில் இதே வார்த்தைகளை என்னிடம் சொல்லும் நான்காவது மனிதர் அவர்.

மாநகராட்சி சட்டப்படி ஒரு தனி அமைப்பு. அது தன் பெயரில் கடன் வாங்குகிறது; தன் வருவாயிலிருந்து திருப்பித் தருகிறது. மாநில அரசு எழுத்து மூலம் உத்தரவாதம் அளித்திருந்தால் ஒழிய, அந்தக் கடனை அடைக்கும் கடமை அரசுக்கு இல்லை. 1997இல் பெங்களூரு மாநகராட்சி 125 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வெளியிட்டபோது கர்நாடக அரசு உத்தரவாதம் அளித்தது. மறு ஆண்டே அகமதாபாத் மாநகராட்சி, அத்தகைய உத்தரவாதம் எதுவும் இல்லாமல், நகர நுழைவு வரி வசூலை ஈடாகக் காட்டி 100 கோடி ரூபாய் திரட்டியது. இரண்டும் மாநகராட்சிப் பத்திரங்கள்தாம். ஆனால் முதலீட்டாளர் யாரை நம்பிப் பணம் கொடுத்தார் என்பது இரண்டிலும் வேறு.

நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். மதுரை மாநகராட்சி 2001இல் உள்வட்டச் சாலைக்காக 30 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வெளியிட்டது. மாநில அரசின் உத்தரவாதம் அதற்கு இல்லை. அந்தச் சாலையில் வண்டிகள் கட்டிய சுங்கமே அதற்கு ஆதாரம். அப்பத்திரத்தின் தரக்குறியீட்டுக்கு, அதாவது கடன் ஒழுங்காகத் திரும்பி வருமா என்பதை மதிப்பிட்டு மதிப்பீட்டு நிறுவனம் கொடுக்கும் எழுத்துகளுக்கு, பின்னால் அடைப்புக்குறிக்குள் 'எஸ்ஓ' என்ற இரண்டு எழுத்துகள் இருந்தன. அந்த மதிப்பீடு குறிப்பிட்ட கடன் ஏற்பாட்டுக்கு உரியது, மாநகராட்சியின் பொதுவான நிதிநிலைக்கு உரியதன்று என்பது அவற்றின் பொருள். வெளி உத்தரவாதத்தால் உயர்ந்த மதிப்பீட்டை இப்போது 'சிஇ' என்று குறிக்கிறார்கள். முதலீட்டாளர்கள் 'ஏஏ' என்ற உயர்தர எழுத்துகள் வரை படித்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். நாங்கள் அடைப்புக்குறியிலிருந்துதான் தொடங்குகிறோம்.

2002இல் தமிழகத்தின் சிறு நகரங்கள் பல சேர்ந்து குடிநீர், கழிவுநீர்த் திட்டங்களுக்காகச் சுமார் 30 கோடி ரூபாய் திரட்டின. அதற்கு அந்த நகரங்களின் வருவாயைத் தனிக் கணக்கில் ஒதுக்கினார்கள். போதாவிட்டால் மாநில அரசிடமிருந்து அவற்றுக்கு வரவேண்டிய நிதிப் பங்கிலிருந்து பிடித்துக்கொள்ள வழி செய்தார்கள். ஒரு காப்பு நிதியை வைத்தார்கள். அதற்கும் மேல், அசலில் பாதிக்கு அமெரிக்க அரசின் வளர்ச்சி நிறுவனத்திடம் உத்தரவாதம் பெற்றார்கள். எப்படியும் அரசாங்கம் கொடுத்துவிடும் என்பது உண்மையானால், இத்தனை காப்புகளை எதற்காகக் கட்டியிருப்பார்கள்?

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரம் 2013இல் திவால் மனு கொடுத்தபோது, வரி விதிக்கும் அதிகாரத்தையே ஈடாக வைத்திருந்த பத்திரங்களில் ஒரு வகைக்கு டாலருக்கு 74 சென்ட்டுதான் கிடைத்தது. அதே நகரத்தின் குடிநீர், கழிவுநீர்க் கட்டண வருவாயை நம்பிய பத்திரங்களோ தப்பின. ஆகவே ஊரின் பெயரைக் கேட்பதோடு நிற்காமல், எந்த வருவாய் உங்களுக்காக ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். அந்த வருவாய் தனிக் கணக்கில் முதலில் விழுகிறதா, செலவு போக எஞ்சியது மட்டும் வருகிறதா என்பதையும் பாருங்கள். மாநகராட்சியின் கேட்பு (அந்த ஆண்டு வரவேண்டிய வரித்தொகை), வசூல், நிலுவைப் பட்டியலை நான் எப்போதும் முதலில் தேடுவேன். சொத்து வரியில் கேட்பு ஆண்டுதோறும் ஏறி, வசூல் அதே இடத்தில் நின்றிருந்தால், வேண்டாம் என்று சொல்ல எனக்கு அதுவே போதும்.

பணம் கட்டுவதற்கு முன், பத்திரத்தோடு வெளியிடப்படும் தகவல் ஆவணத்தில் உத்தரவாதம் பற்றிய பக்கத்தைப் படியுங்கள். தரக்குறியீடு இறக்கப்பட்டிருக்கிறதா என்று ஆண்டுக்கு ஒரு முறையாவது பாருங்கள். வங்கி வைப்புக்கு இருக்கும் 5 லட்சம் ரூபாய்க் காப்பீடு இதற்கு இல்லை. அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்துவிட்டு வட்டிக்கு வரி இல்லை என்று நம்பாதீர்கள். இங்கே அண்மையில் வெளியான மாநகராட்சிப் பத்திரங்களின் வட்டி பொதுவாக உங்கள் வருமானத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படுகிறது. முதிர்வுக்கு முன் தேவைப்படக்கூடிய பணத்தை, தயவுசெய்து, இதில் போடாதீர்கள். பட்டியலிடப்பட்டிருப்பதாலேயே வாங்குபவர் காத்திருக்கிறார் என்று ஆகிவிடாது.

ஆசிரியருடைய பத்திரத்தில் இதுவரை வட்டி ஒரு தவணைகூடத் தவறவில்லை, தரக்குறியீடும் இறங்கவில்லை. குறைந்த விலைக்கு விற்றால் ஏற்படும் இழப்பையும், முதிர்வு வரை வைத்திருந்து நகைக்கடன் வாங்கினால் ஆகும் வட்டியையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். அவர் நகைக்கடன் வாங்குவதென்று முடிவு செய்தார்.