கீமோபோர்ட்: ஊசி குத்துவதற்கு முன்னும் பின்னும்

ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்துக்குக் கீமோ எனும் புற்றுநோய் மருந்துச் சிகிச்சைக்கு வரும் ஒருவருக்கு, மலைப்பாதைக் குலுக்கலைவிடப் பெரிய வேதனை, கையில் 'நரம்பு கிடைக்கவில்லை' என்று நான்கைந்து இடங்களில் குத்தப்படுவதுதான். நரம்பு என்று நாம் பேச்சில் சொல்வது உண்மையில் சிரையை. கீமோ மருந்துகளில் பல அதன் உட்சுவரைப் புண்ணாக்கித் தடிக்கச் செய்வதால், சிகிச்சை தொடரத் தொடரக் குத்துவதற்கு இடமே இல்லாமல் போகிறது.

அதற்கு மாற்றாகக் காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில் பதிக்கப்படுவதே கீமோபோர்ட். பத்து ரூபாய் நாணயத்தின் அகலமுள்ள டைட்டானிய அல்லது பிளாஸ்டிக் கிண்ணம், அதன்மேல் தடித்த சிலிக்கோன் மூடி, அதிலிருந்து கிளம்பி இதயத்தின் வாயிலருகே மேற்பெருஞ்சிரையில் முடியும் மெல்லிய குழாய், இவ்வளவுதான் கருவி. அங்கே இரத்த ஓட்டம் மிகுதி என்பதால் மருந்து உடனே நீர்த்துவிடுகிறது.

இதில் குத்துவதற்கு ஹியூபர் ஊசி மட்டுமே ஏற்றது. சாதாரண ஊசி சிலிக்கோனிலிருந்து துணுக்கை வெட்டி எடுத்துவிடும். நுனி வளைந்த ஹியூபர் ஊசியோ பிளந்துகொண்டு நுழைவதால், உருவியதும் மூடி தானாகவே ஒட்டிக்கொள்கிறது. குத்துமுன் செவிலியர் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்த ஆல்கஹாலால் தோலைத் துடைத்து, அது தானாக உலரும்வரை காத்திருப்பார். ஈரம் காயும்போதுதான் கிருமி சாகிறது என்பதால், ஊதியோ விசிறியோ உலர்த்தக் கூடாது.

என் பார்வையில் முழுப் பணியின் உயிர்நாடி அடுத்த அரை நிமிடம்தான். சிரிஞ்சைப் பின்னிழுத்து, இரத்தம் தடையின்றி வருகிறதா என்று பார்க்காமல் மருந்தை ஏற்றவே கூடாது. டாக்ஸோரூபிசின் போன்ற செந்நிற மருந்து திசுவுக்குள் கசிந்தால் தோலும் தசையும் அழுகும் அளவுக்குப் போகலாம். சலைன் எனும் உப்புநீர் உள்ளே போகிறது, ஆனால் இரத்தம் வரவில்லை என்றால், குழாய் நுனியில் ஃபைப்ரின் எனும் இரத்த உறைவுப் புரதப் படலம் கதவுபோல் படிந்திருக்கக்கூடும். 'எரிகிறது' என்று நோயாளி சொன்னால் அக்கணமே நிறுத்திவிட வேண்டும்.

போர்ட்டையும் குழாயையும் சலைனால் கழுவுவதற்கு 10 மில்லி லிட்டருக்குக் குறையாத சிரிஞ்சு வேண்டும், ஏனெனில் கட்டைவிரலின் அதே விசை சிறிய சிரிஞ்சில் பன்மடங்கு அழுத்தமாகிக் குழாயையே கிழித்துவிடலாம். சலைனை ஒரே சீராகத் தள்ளாமல் விட்டுவிட்டுத் தள்ளினால் எழும் சுழல் கிண்ண ஓரங்களில் ஒட்டியதைப் பெயர்க்கும். தொடர் சிகிச்சையில் ஊசியை 7 நாளுக்கொரு முறை மாற்றுவது வழக்கம். சேலத்து வெயிலில் வியர்த்து, ஊசியை மூடியிருக்கும் ஒட்டுப்படலம் பெயர்ந்தால் அதற்கு முன்பே மாற்ற வேண்டும்.

வீடு திரும்பியபின் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், விடியட்டும் என்று மலையில் காத்திருக்கலாகாது. காப்பிப்பழக் கூடையின் வாரும் போர்ட் உள்ள தோளில் அழுந்தக் கூடாது. சிகிச்சை முடிந்தும் போர்ட்டை அகற்றாதவர்களுக்குப் பொதுவாக 4 வாரத்துக்கொரு முறை கழுவல் தேவை. சில மருத்துவமனைகள் 3 மாதம்வரை இடைவெளி தருகின்றன. சொந்த வேலையாகச் சேலம் இறங்கும் நாளோடு அதைச் சேர்த்துக் குறித்துக்கொண்டால் தவறாது.